பாடைக்குப் பின்னே நடந்த ராஜா

தியானப் பகுதி: 2 சாமுவேல் 3:31-39



போன மாதம் வாலிபர் கூட்டத்தில் சாமுவேலின் இரண்டாம் புஸ்தகத்தைத் தியானித்துக் கொண்டிருந்தோம். அப்னேர் கொலையுண்ட பகுதி. கொல்லப்பட்டவனின் பாடைக்குப் பின்னால் தாவீது ராஜா நடந்து போனதை வாசித்ததும், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி கையைத் தூக்கினான். அம்பத்தூரில் ஐ.டி.ஐ. படிக்கிற பிள்ளை. சாதாரணமாக வாயே திறக்க மாட்டான்.

"பாஸ்டர், துப்பாக்கிச் சூட்டுல செத்தவங்க வீட்டுக்கு மந்திரி, முதலமைச்சர் எல்லாம் போகணுமா, வேண்டாமா? போனா ஓட்டுக்கு நடிக்கிறாருன்னு சொல்றாங்க. போகலேன்னா கல்நெஞ்சுன்னு சொல்றாங்க. இதுல எது சரி?"

"அடுத்த வாரம் சொல்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரமும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. பதில் தெரியாததால் அல்ல. அந்தக் கேள்வி என்னுடைய பழைய குற்றம் ஒன்றில் விரலை வைத்துவிட்டது. அதையும் மறைக்காமல் கடைசியில் எழுதுகிறேன். முதலில் அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம்.

நம் ஊர் வழக்கம்

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். கல்யாணத்துக்கு வராதவரை நாம் மன்னித்துவிடுவோம். சாவுக்கு வராதவரை மன்னிக்க மாட்டோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஒரு தெருவில் சாவு விழுந்தால் என்ன நடக்கிறது? சாமியானா போடுகிறவர் வருகிறார். ஐஸ் பெட்டி வருகிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்குகின்றன. கவுன்சிலர் மாலையோடு வந்து ஐந்து நிமிஷம் நிற்கிறார். அவர் எந்தக் கட்சி என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. "கவுன்சிலரே வந்துட்டுப் போனாரு" என்று அந்த வீட்டார் பத்து வருஷம் கழித்தும் சொல்லுவார்கள்.

ஆனால் இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வயதாகியோ வியாதியிலோ ஒருவர் இறந்தால், வருகிற தலைவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. துப்பாக்கிக் குண்டில் ஒருவர் இறந்தால், அங்கே ஒரு கேள்வி பாடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சுட்டது யார்? சுடச் சொன்னது யார்? அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கிற தலைவர் அந்தக் கேள்வியையும் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அதனால்தான் பல தலைவர்களுக்கு அந்தப் படி ஏறக் கால் வருவதில்லை.

தூத்துக்குடியில் நடந்தது

2018 மே 22, செவ்வாய்க்கிழமை. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொல்லி ஜனங்கள் நடத்திய போராட்டத்தின் நூறாவது நாள். 144 தடையுத்தரவு இருந்தும் ஆயிரக்கணக்கானோர் கலெக்டர் ஆபீசை நோக்கி நடந்தார்கள். போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளுமாக நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒரு மாணவியும் உண்டு. பல பேர் குண்டுக் காயத்தோடு அரசு மருத்துவமனையில் கிடந்தார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இன்டர்நெட்டும் நிறுத்தப்பட்டது.

மறுநாளே எதிர்க்கட்சித் தலைவராயிருந்த மு.க. ஸ்டாலினும் வேறு கட்சித் தலைவர்களும் அங்கே போனார்கள். முதலமைச்சராயிருந்த எடப்பாடி பழனிசாமி போகவில்லை. 144 உத்தரவு அமலில் இருப்பதைக் காரணமாகச் சொன்னார். துணை முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் மே 28-ம் தேதி மருத்துவமனைக்குப் போய்க் காயப்பட்டவர்களைப் பார்த்தார். அதே நாளில் ஆலையை மூட அரசு உத்தரவு போட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு முதலில் அறிவித்த 10 லட்சம் ரூபாய், பிறகு 20 லட்சமாக உயர்ந்தது. உடல்களை வாங்க மாட்டோம் என்று குடும்பத்தார் மறுத்தார்கள். உடல்களைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதைப் படிக்கிற சிலர், "பாஸ்டர் ஒரு கட்சிக்கு விரோதமாக எழுதுகிறாரே" என்று நினைக்கலாம். இல்லை, பிரியமானவர்களே. 1965-ல் காங்கிரஸ் ஆட்சியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், போலீஸ் குண்டுக்கு ஜனங்கள் மாண்டார்கள். 1970-ல் தி.மு.க. ஆட்சியில், மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மாண்டார்கள். 1987-ல் அ.தி.மு.க. ஆட்சியில் வன்னியர் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் 21 பேர் உயிர்விட்டார்கள். அந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் மணிமண்டபம் திறக்கப்பட்டது 2025 ஜனவரியில்! முப்பத்தேழு வருஷம் கழித்து. மண்டபம் கட்டியது நல்லதுதான். ஆனால் அதற்குள் எத்தனை தகப்பன்மாரும் தாய்மாரும் கண்ணை மூடியிருப்பார்கள்! கல்லுக்கு மாலை போடுவது எந்த வருஷமும் முடியும். தாயின் கையைப் பிடிப்பதற்கு அந்த ஒரு வாரம்தான் உண்டு.

போக வேண்டாம் என்பவர்கள் சொல்லும் நியாயம்

அவர்கள் பேச்சையும் நாம் கேட்க வேண்டும். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஒன்று, பெரிய தலைவர் வந்தால் நூற்றுக்கணக்கான போலீஸ்காரர் வருவார்கள். போலீஸ் குண்டில் பிள்ளையை இழந்த வீட்டு வாசலில் மறுபடியும் காக்கிச் சட்டைகள். அது ஆறுதலா, பயமுறுத்தலா? இரண்டு, கொதித்துப்போயிருக்கிற ஊரில் அவர் வருகையே இன்னொரு கலவரத்துக்குக் காரணமாகலாம். மூன்று, கேமராக்காரர்கள் பாடையைத் தள்ளிவிட்டுத் தலைவரைப் படம் பிடிப்பார்கள். செத்தவன் முகம் ஓரத்தில், வந்தவர் முகம் நடுவில். நான்கு, இந்தச் சாவுக்குப் போனவர் அந்தச் சாவுக்கு ஏன் போகவில்லை என்ற கணக்கு வரும்.

நாலாவது காரணத்தை நாம் இங்கே கண்ணாலேயே பார்த்தோம். துப்பாக்கி அல்ல, வெட்டு. என்றாலும் கொலை கொலைதான். 2024 ஜூலை 5-ம் தேதி பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். மாயாவதி அம்மையார் வடக்கேயிருந்து வந்து அஞ்சலி செலுத்தினார். உடலை நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பொத்தூரில் அடக்கம் பண்ணினார்கள். அதற்குப் பிறகு முதலமைச்சர் ஸ்டாலின் அவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்தார். வந்தது சரிதான், வந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் நம் பகுதியில் கொலையாகிற ஒரு லோடுமேனுக்கோ ஆட்டோக்காரருக்கோ எந்த மந்திரி வருகிறார்? பிணத்துக்கும் பெரிய பிணம், சின்னப் பிணம் உண்டா?

இந்த நாலு காரணங்களையும் நான் நிறுத்துப் பார்த்தேன். நாலும் உண்மைதான். ஆனால் எப்படிப் போகக்கூடாது என்பதைத்தான் இந்த நாலும் சொல்லுகின்றன. போகவே கூடாது என்று ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ராஜா, மூன்று சாவுகள்

இப்போது வேதத்துக்கு வருவோம். தாவீதின் சரித்திரத்தில் மூன்று சாவுகளைக் கவனியுங்கள். நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் இவற்றைத் தனித்தனியாகப் படித்து பரீட்சை எழுதினேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தத் தம்பியின் கேள்விதான் என்னை ஏவிற்று.

முதலாவது சாவு, அப்னேர். தாவீதோடு சமாதானம் பேசிவிட்டுப் போனவனை, தாவீதின் சேனாபதியாகிய யோவாப் எப்ரோன் வாசலில் தனியே கூப்பிட்டு வஞ்சகமாகக் குத்திப்போட்டான். தாவீதுக்கு அது தெரியாது. ராஜா என்ன செய்தார்? அரண்மனையில் இருந்துகொண்டு இரங்கல் செய்தி அனுப்பவில்லை. வஸ்திரத்தைக் கிழித்து இரட்டுடுத்தச் சொன்னார். யாரிடத்தில் சொன்னார்? ஜனங்களிடத்தில் மட்டுமல்ல, யோவாபிடத்திலும் சொன்னார்! கொன்றவனும் துக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. ராஜா பாடைக்கு முன்னே போகவில்லை, பின்னே நடந்தார். கல்லறையண்டையில் சத்தமிட்டு அழுதார். அன்று சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் சாப்பிட மறுத்துவிட்டார். இது ராஜாவின் மனதாய் நடந்த கொலை அல்ல என்று ஜனங்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் அறிந்துகொண்டார்கள்.

இரண்டாவது சாவு, உரியா. இவன் எப்படிச் செத்தான்? அலங்கத்தின் மேலிருந்து எய்த அம்புகளால். அந்தக் காலத்துத் துப்பாக்கி அதுதானே! அவனை அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதியது யார்? இதே தாவீது. சாவுச் செய்தி வந்தபோது ராஜா வஸ்திரத்தைக் கிழித்தாரா? இரட்டுடுத்தினாரா? பட்டினி இருந்தாரா? ஒன்றும் இல்லை. யுத்தம் என்றால் பட்டயம் யாரையும்தான் பட்சிக்கும், மனம் தளர வேண்டாம் என்று யோவாபுக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினார். செத்தவன் வீட்டுக்கு ஆறுதல் இல்லை, கொன்றவனுக்கு ஆறுதல்!

கவனித்தீர்களா, பிரியமானவர்களே? தன் கை படாத சாவுக்கு அதே ராஜா தெருவில் அழுதுகொண்டு நடந்தார். தன் கை பட்ட சாவுக்கு வீட்டைவிட்டு அசையவில்லை. குற்றம் எங்கே இருக்கிறதோ அங்கே கால் போகாது. நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகுதான் அந்தக் கல் உடைந்தது.

மூன்றாவது சாவு, ரிஸ்பாளின் பிள்ளைகள். 2 சாமுவேல் 21-ம் அதிகாரம். கிபியோனியர் கேட்டார்கள் என்று சவுலின் வம்சத்தில் ஏழு பேரை ராஜா ஒப்புக்கொடுத்தார். அவர்கள் மலையில் தூக்கிப் போடப்பட்டார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாள் பெற்ற பிள்ளைகள். அந்தத் தாய் ஒரு கன்பாறையின் மேல் இரட்டை விரித்துப்போட்டு உட்கார்ந்தாள். அறுப்புக்காலம் துவங்கி மழை பெய்யும்வரைக்கும் பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் விரட்டிக்கொண்டு பிணங்களைக் காவல் காத்தாள். அவள் அரண்மனைக்கு மனு எழுதவில்லை. உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ராஜாவின் காதுக்கு அது எட்டியது. தாவீது எழுந்துபோய் சவுல், யோனத்தானின் எலும்புகளைக் கொண்டுவந்தார். இந்த ஏழு பேரின் எலும்புகளையும் சேர்க்கச் செய்தார். மரியாதையாய் அடக்கம் நடந்தது. அதற்குப் பின்புதான் தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டார் என்று அந்தச் சம்பவம் முடிகிறது.

தூத்துக்குடியில் உடலை வாங்க மாட்டோம் என்று உட்கார்ந்திருந்த தாய்மாரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ரிஸ்பாள் ஞாபகம் வருகிறாள். ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று அன்று நம்மில் சிலர் கேட்டோம். அது பிடிவாதம் அல்ல. வர வேண்டியவர்கள் வருகிற வரைக்கும் ஒரு தாய் காத்திருக்கிறாள்.

போனால் மட்டும் போதுமா?

இங்கேயும் வேதம் நம்மை ஏமாற்றவில்லை. அப்னேருக்காக அவ்வளவு அழுத தாவீது, யோவாபை என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. செருயாவின் பிள்ளைகள் எனக்கு மிஞ்சினவர்கள், நான் பலவீனன் என்று சொல்லிவிட்டார். யோவாப் சேனாபதியாகவே இருந்தான். பிறகு அமாசாவையும் அதே மாதிரி வஞ்சகமாகக் கொன்றான். முதல் கொலைக்குக் கணக்குக் கேட்காததால் இரண்டாவது கொலை நடந்தது. கண்ணீர் உண்மையானதுதான். ஆனால் கண்ணீர் நியாயத்தின் இடத்தை நிரப்பவில்லை.

தூத்துக்குடி சம்பவத்தை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். அறிக்கை 2022 மே மாதம் அரசிடம் வந்தது, அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. நாலு வருஷத்துக்கு மேல்! போலீஸார் அத்துமீறினார்கள் என்றும், 17 போலீஸார் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கை வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது. டி.வி.யைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது என்று அப்போதைய முதலமைச்சர் சொன்னது சரியல்ல, அதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றும் ஆணையம் எழுதியது. நான் நீதிபதி அல்ல, அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் டி.வி.யில் பார்த்தேன் என்கிற ஒரு வார்த்தை துக்க வீட்டாருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று மட்டும் யோசித்துப் பார்க்கிறேன்.

உபாகமம் 21-ம் அதிகாரத்தில் ஒரு பிரமாணம் உண்டு. கொன்றது யார் என்று தெரியாமல் வெளியில் ஒரு பிணம் கிடந்தால், மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டுப் போய், அந்த இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரத்தை அளக்க வேண்டும். கிட்டே இருக்கிற ஊரின் மூப்பர்கள் பொறுப்பேற்று, ஓடுகிற தண்ணீருள்ள பள்ளத்தாக்குக்குப் போய்க் கையைக் கழுவி, இந்த இரத்தத்தை நாங்கள் சிந்தவில்லை என்று சொல்ல வேண்டும். கொன்றவன் யாரென்றே தெரியாத பிணத்துக்கே தலைவர்கள் எழுந்துபோய் அளக்க வேண்டுமானால், சுட்ட துப்பாக்கிக்குச் சம்பளமும் குண்டும் கொடுத்தது யார் என்று தெரிந்த பிணத்துக்கு? பிலாத்துவும் கை கழுவினான். அவன் இருந்த இடத்திலேயே கழுவினான். பிரமாணம் சொல்லும் மூப்பர்கள் பிணத்தண்டை போய் அளந்த பிறகு கழுவினார்கள்.

வெளிநாட்டில் நடந்தவை

இந்தக் கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் பட்டணத்தில் 2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு வேதபாட வகுப்பில் இருந்த விசுவாசிகளோடு ஒரு வாலிபன் வந்து உட்கார்ந்தான். அவர்கள் அவனுக்கு இடம் கொடுத்தார்கள். கடைசியில் துப்பாக்கியை எடுத்து ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். போதகர் கிளெமென்டா பிங்க்னியும் அதில் ஒருவர். அவர் அந்த மாநில செனட் உறுப்பினரும்கூட. அடக்க ஆராதனைக்கு ஜனாதிபதி ஒபாமா வந்தார். பேச்சின் முடிவில், கிருபையைப் பற்றிய ஒரு பழைய பாட்டைத் தானே பாட ஆரம்பித்தார், கூடியிருந்தவர்களும் சேர்ந்து பாடினார்கள். அங்கே அவர் வந்தது ஆறுதலாயிருந்தது.

ஆனால் 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் பட்டணத்து யூத ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அடக்கங்கள் முடியட்டும், பிறகு வாருங்கள் என்று அந்த ஊர் மேயரே ஜனாதிபதி டிரம்பைக் கேட்டுக்கொண்டார். அவர் முதல் அடக்கங்கள் நடந்த நாளிலேயே வந்தார். அவரைச் சந்திக்க மாட்டோம் என்று சொன்ன குடும்பத்தாரும் உண்டு. ஆகவே எல்லா வருகையும் ஆறுதல் அல்ல. துக்கம் யாருடையதோ, கதவும் அவர்களுடையது.

நியூசிலாந்தில் 2019 மார்ச் 15-ல் கிறைஸ்ட்சர்ச் நகரத்து மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் மறுநாளே தலையில் முக்காடிட்டுக்கொண்டு அவர்களிடம் போனார். அதோடு நிற்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அப்படிப்பட்ட துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அழுத கண்ணும் எழுதின கையும் ஒன்றாயிருந்தது.

அப்படியானால் எப்படிப் போவது?

தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். போகத்தான் வேண்டும். ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வந்தவர், அந்த வீட்டில் சாவு விழுந்தால் வரத்தான் வேண்டும். அந்தச் சாவு அவருடைய அரசாங்கத்தின் குண்டால் நேர்ந்திருந்தால், வேறு எந்தத் தலைவரைக் காட்டிலும் அவருக்கே கடமை அதிகம். ஆனால்,

1. கேட்டுவிட்டுப் போக வேண்டும். வேண்டாம் என்று வீட்டார் சொன்னால் கோபப்படாமல் திரும்ப வேண்டும். அடக்கத்துக்கு முடியாவிட்டால் காரியத்துக்கு, அதற்கும் முடியாவிட்டால் ஒரு மாதம் கழித்து, ஊர் அடங்கின பிறகு, கேமரா இல்லாமல் போகலாம். பிந்திப் போவது போகாமலே இருப்பதைவிட மேல்.

2. பாடைக்குப் பின்னே நடக்க வேண்டும். மேடை, மைக், கட்சிக் கொடி ஒன்றும் வேண்டாம். அன்றைக்கு அந்த ஊரில் பெரியவர் செத்தவர்தான்.

3. யோவாபையும் துக்கத்தில் நிறுத்த வேண்டும். உத்தரவு போட்ட அதிகாரி வேறே ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டால் கணக்குத் தீராது.

4. காசோலையை முன்னே நீட்டக் கூடாது. பணம் அந்தக் குடும்பத்துக்குத் தேவைதான், அது அரசு கொடுக்க வேண்டிய கடன். ஆனால் அழ வேண்டிய நேரத்தில் பணத்தை நீட்டினால், வாயை மூடு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

5. திட்டு வாங்கத் தயாராகப் போக வேண்டும். துக்க வீட்டில் ஒரு தாய் மண்ணை வாரித் தூற்றினால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கைதட்டலுக்கு வந்த முகம் திட்டுக்கும் வரட்டும்.

என் குற்றம்

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லுகிறேன்.

நம் அம்பத்தூர் எஸ்டேட்டில் தெற்கத்திக்காரர்கள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 2018-ல் நம் சபைக்கு வந்துகொண்டிருந்த ஒரு சகோதரர் தூத்துக்குடிக்காரர். லேத் ஆபரேட்டர். அவருடைய அம்மாவும் அவரோடு கள்ளிக்குப்பத்தில் இருந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள், புதன்கிழமை இரவு, அவர் எனக்கு போன் பண்ணினார். "பாஸ்டர், எங்க பெரியம்மா பேரனுக்குக் கால்ல குண்டு பாஞ்சிருக்காம். ஆஸ்பத்திரியில கிடக்கான். உயிருக்கு என்னன்னு தெரியல. நெட் இல்ல, போனை யாரும் எடுக்க மாட்டேங்காவ. அம்மா சாப்பிடாம உக்காந்திருக்கா."

"ஜெபிக்கிறேன் பிரதர்" என்று சொன்னேன். ஜெபித்தேன். ஆனால் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கள்ளிக்குப்பம் சைக்கிளில் பதினைந்து நிமிஷம்.

ஏன் போகவில்லை? ஸ்டெர்லைட் என்றால் அரசியல், நமக்கு எதற்கு என்று நினைத்தேன். நாம் கூடுகிற மாடி வாடகை மாடி, ஏதாவது பேச்சு வந்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். கம்பெனியில் ஓவர்டைம் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். முதலமைச்சர் 144 காரணத்தால் போகவில்லை என்று பேப்பரில் படித்தபோது நானும் குறைகூறினேன். எனக்கு நானே ஒரு 144 போட்டுக்கொண்டு வீட்டில் இருந்ததை உணரவில்லை.

மே 27, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தேசத்துக்காக ஜெபித்தேன். தலைவர்களுக்காக, சமாதானத்துக்காக, மழைக்காக ஜெபித்தேன். ஆராதனை முடிந்ததும் அந்தச் சகோதரர் பைபிளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கோபமாய்ப் பேசவில்லை. "பாஸ்டர், எங்க ஊரு பேரு உங்க வாயில வரவே இல்லியே" என்றார். அவ்வளவுதான். படி இறங்கிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி நானும் என் மனைவியும் கள்ளிக்குப்பம் போனோம். அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான் என்று அதற்குள் செய்தி வந்துவிட்டது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்த வேறு ஒரு வீட்டில் சாவு. நான் பைபிளைத் திறக்கப் போனேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "பாஸ்டரய்யா, புதன்கிழமை வந்திருந்தா நான் உங்ககிட்ட அழுதிருப்பேன். இப்போ அழுது முடிச்சாச்சு" என்றார்கள்.

பைபிளை மூடிவிட்டேன். என் மனைவி அந்த அம்மா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் அவர்கள் செய்த நல்ல காரியம் என்று அன்றைக்குப் புரிந்தது. புறப்படும்போது அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்தார்கள். அந்த டீயை நான் இன்னும் மறக்கவில்லை. தகுதியில்லாதவனுக்குக் கிடைத்த டீ.

அதனால்தான் தம்பியின் கேள்விக்கு எனக்கு உடனே வாய் வரவில்லை. மந்திரி போகவில்லை என்று பிரசங்கம் பண்ணுவது சுலபம். பதினைந்து நிமிஷத் தூரத்தை அளக்காத மூப்பன் நான்.

நாம் என்ன செய்வோம்?

பிரியமானவர்களே, மரித்துப்போன லாசருவை நாலு நாளைக்குப் பிறகு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் நம் ஆண்டவர் பெத்தானியாவுக்கு நடந்து போனார். போன உடனே அற்புதம் செய்யவில்லை. அங்கே மார்த்தாளும் மரியாளும் ஆளுக்கு ஒரு தரம், நீர் முன்னமே வந்திருந்தால் என்று ஆதங்கப்பட்டார்கள். அதை அவர் கேட்டுக்கொண்டார். கண்ணீர் விட்டார். வல்லமையுள்ளவரே கல்லறை வாசலில் அழுதார் என்றால், ஐந்து வருஷப் பதவியில் இருக்கிறவருக்கு அழ நேரமில்லையா?

நம் எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும் கவுன்சிலரையும் நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். எந்தக் கட்சியாயிருந்தாலும் கேட்போம்: ஐயா, எங்கள் ஊரில் ஒருவர் அநியாயமாய்ச் செத்தால் வருவீர்களா? வந்துவிட்டுப் போன பிறகு என்ன செய்வீர்கள்? அதைக் கேட்கும் முன்னே நம் தெருவில் எந்த வீட்டு வாசலை நாம் இன்னும் மிதிக்கவில்லை என்று பார்த்துக்கொள்வோம். வேறே மதத்தாராய் இருக்கலாம். பேசாமல் இருக்கிற சொந்தக்காரராய் இருக்கலாம். சபையை விட்டுப் போனவராய் இருக்கலாம்.

இந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மூன்று காரியங்களுக்காக ஜெபிப்போம். துப்பாக்கியால் பிள்ளைகளை இழந்த தாய்மாருக்காக, ஊர் பெயரைச் சொல்லியே ஜெபிப்போம். சுட்ட கைகளுக்காகவும் உத்தரவு போட்ட கைகளுக்காகவும், அவர்கள் உண்மையைச் சொல்லும்படி ஜெபிப்போம். நம்மை ஆளுகிறவர்கள் துக்க வீட்டுக்கு நடந்து போகவும், திரும்பி வந்து நியாயம் செய்யவும் ஜெபிப்போம்.

ஜெபம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, போக வேண்டிய வீட்டுக்குப் போவோம். கர்த்தர் தாமே நம் கால்களை நடத்துவாராக. ஆமென்.